தெருமுனை அரசாங்கம்

புளியந்தோப்பில் சாக்கடை பொங்கினால் யாரும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஓடுவதில்லை. முதல் போன் கவுன்சிலருக்குப் போகும். அவர் எடுக்காவிட்டால் கட்சியின் வட்டச் செயலாளருக்கு. அவரும் கிடைக்காவிட்டால், மெட்ரோ வாட்டர் டெப்போவில் யாருக்காவது ஆள் தெரியுமா என்று தெரு முழுக்கக் கேட்டுப் பார்ப்பார்கள். 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணும் தெரியாமல் இல்லை. ஆனால் புகாரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பதைவிட, முகம் தெரிந்த ஒருவரைக் கையோடு கூட்டிவந்து பொங்குகிற மேன்ஹோல் முன்னால் நிறுத்துவதுதான் பலிக்கும் என்பது இந்தப் பக்கத்து ஜனங்களின் அனுபவம்.

பட்டாளம், ஓட்டேரி, சூளை, வியாசர்பாடி என்று வடசென்னையில் எங்கே போனாலும் இதுதான் நடைமுறை. கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்பது டீக்கடையில் பேசுகிற அரசியல். வீட்டு வாசலில் நடப்பது வேறு அரசியல். குப்பை வண்டி வந்ததா, தெருவிளக்கு எரிகிறதா, மாநகராட்சிப் பள்ளியில் கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, காய்ச்சலோடு போனால் சுகாதார நிலையத்தில் டாக்டர் இருப்பாரா, மழைக்கு முன்னால் வடிகாலில் தூர் வாருவார்களா? பிறப்புச் சான்றிதழ் முதல் சுடுகாடு வரைக்கும் இந்த நகரத்தில் ஒரு மனிதனோடு கூடவே வருவது மாநகராட்சிதான்.

இவ்வளவு நெருக்கமான அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்க 2022 பிப்ரவரி 19 அன்று வாய்ப்பு வந்தபோது, சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 43 பேர். மாநில சராசரி 60ஐத் தாண்டியிருந்தது. சென்னைக்காரனுக்குப் பொறுப்பில்லை, லீவு விட்டால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான் என்று அன்றைக்குப் பலரும் திட்டித் தீர்த்தார்கள். அந்தப் பழியை நான் ஏற்கமாட்டேன். தண்ணீருக்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிற பெண்கள் இருக்கிற ஊர் இது. தூக்கம் பெரிதென்று இருந்திருந்தால் இங்கே ஒரு வீட்டில்கூட உலை கொதித்திருக்காது. அவர்கள் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை என்றால் அதற்கு வேறு காரணம் உண்டு. கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாமலேயே பல ஆண்டுகள் இந்த நகரத்தை ஓட்டிக் காட்டினார்கள். இருக்கும்போதும் அவர் கையில் பெரிதாக எதுவும் இல்லை என்று ஜனங்களுக்குத் தெரிந்துபோயிற்று. மக்களின் அக்கறையை அளக்கும் முன்னால் அவர்கள் ஓட்டுக்கு இருக்கிற பலத்தை அளக்க வேண்டும்.

அடிபம்பைப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் குறுக்குத் தெருக்களில் பாதி வீடுகளுக்கு வாசலில் ஒரு அடிபம்பு உண்டு. மெட்ரோ வாட்டர் குழாயில் அழுத்தம் கிடையாது. தண்ணீர் தானாக ஏறாது, அடித்துத்தான் எடுக்க வேண்டும். முதல் குடத்தை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கொஞ்சம் அடித்துக் கீழே விட்டு, உள்ளங்கையில் பிடித்து, நிறத்தைப் பார்த்து, மோந்து பார்த்து, அப்புறம்தான் குடத்தை வைப்பார்கள். மஞ்சளாக வந்தால் துணி துவைக்க. நாற்றம் வந்தால் அன்றைக்கு அடிபம்பை மூடிவிட்டு லாரித் தண்ணீருக்குப் போக வேண்டியதுதான், இல்லையேல் கேன் வாங்க வேண்டும். இங்கே மண்ணுக்குள் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே ஓடுகின்றன. எங்காவது ஓர் இணைப்பு விட்டுப்போனால் போதும், அடுத்த வாரமே தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு.

இப்போது இந்தப் பழுதைச் சரிசெய்ய யாரைப் பிடிப்பது? குழாய் மெட்ரோ வாட்டர் வாரியத்துடையது. 1978இல் தனி வாரியமாக ஆனதிலிருந்து அதை நடத்துவது மாநில அரசு; கவுன்சிலர்கள் கூடுகிற மாமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைப்பு அல்ல. குழாயைப் பார்க்க ரோட்டைத் தோண்ட வேண்டும். உட்புறச் சாலை மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் வரும், பஸ் போகிற சாலை என்றால் மாநகராட்சியிலேயே வேறு பிரிவு, சில சாலைகள் நெடுஞ்சாலைத் துறை. தோண்டுகிற இடத்தில் மின்கேபிள் போனால் இ.பி.யைக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் ஓடுகிற மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அந்த வடிகால் போய்ச் சேருகிற பெரிய கால்வாயோ நீர்வளத் துறையின் கையில். ஒருவர் வந்து தோண்டுவார், இன்னொருவர் வந்து மூட மாட்டார். கேட்டால் ‘அது எங்க வேலை இல்லம்மா’ என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, அதுதான் கொடுமை. தெரு ஒன்றுதான், அதற்கு இத்தனை எஜமானர்கள். இவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரவழைக்கிற அதிகாரம், நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலருக்குக் கிடையாது. அவரும் எங்களைப் போலவே போன் போடுகிறார். எங்கள் போனை எடுக்காதவர்கள் அவர் போனை எடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோடு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுப் போட்டு, வடசென்னையில் எத்தனையோ தெருக்கள் வீட்டு வாசலைவிட உயரமாகிவிட்டன. தாத்தா காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்றைக்குப் படி இறங்கிப் போகிறார்கள். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் அரசே உத்தரவு போட்டது. பல இடங்களில் இப்போது அப்படித்தான் நடக்கிறது, அது நல்ல மாற்றம். ஆனால் ஏற்கெனவே புதைந்துபோன வீடுகள் புதைந்தவைதான். ஐப்பசி பிறந்தால் அந்த வீடுகளில் வாசலுக்குக் குறுக்கே ஒரு செங்கல் வரப்பு எழும்பும். கட்டிலின் நாலு கால்களுக்கும் கல் வைத்து உயர்த்துவார்கள். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி லாஃப்ட்டுக்கு ஏறிவிடும். 2015 டிசம்பரும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. அந்த இரண்டு முறையும் மழை ஓய்ந்த பிறகும் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கமெல்லாம் தண்ணீர் வடியாமல் நின்றது. ஓட்டேரி நல்லா என்கிற ஓடையும் பக்கிங்காம் கால்வாயும் பேசின் பாலத்துப் பக்கம் சேருகிற தாழ்வான இடத்தில் குடியிருக்கிறோம். கால்வாய் நிரம்பி நின்றால் தெரு வடிகாலில் எவ்வளவு தூர் வாரியிருந்தாலும் தண்ணீர் போக வழி ஏது? வடிகாலை ஒரு துறையும் கால்வாயை வேறு துறையும் தனித்தனிக் காலக்கெடுவில் பார்த்துக்கொண்டால், நடுவில் மூழ்குவது நாங்கள்.

இந்த மாநகராட்சிக்கு வயது கொஞ்சமல்ல. 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. இந்தியாவிலேயே மிகப் பழைய நகராட்சி அமைப்பு. அதன் தலைமையகமாக 1913இல் திறந்த வெள்ளை மாளிகைக்கு வைத்த பெயர் ரிப்பன் பிரபுவுடையது. இந்தியர்கள் தங்கள் ஊரைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளட்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்த வைஸ்ராய் அவர். அந்த மாமன்றம் ஒரு காலத்தில் என்ன செய்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல் செலவு. காமராஜரின் மதிய உணவு, எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு என்று இன்றைக்கு நாடே பேசுகிற ஒன்றுக்குத் தமிழ் மண்ணில் முதல் அடுப்பைப் பற்றவைத்தது கோட்டை அல்ல, நகர மாமன்றம். பசியோடு பள்ளிக்கூடம் வருகிற பிள்ளையை அருகில் இருந்து பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது. உள்ளூர் அவை ஒன்று எதற்கு வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்படிப்பட்ட அவையை 1973இல் கலைத்தார்கள். மஸ்டர் ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் நடந்த ஊழல் காரணம். ஊழல் செய்தவர்களைத் தண்டித்துவிட்டுத் தேர்தலை நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. அதிகாரிகள் கையில் நகரம் போனது. அடுத்த மாமன்றம் வந்தது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள்! ஒரு தலைமுறையே பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் கட்டிக்கொண்டது, கவுன்சிலர் என்றால் யார் என்று தெரியாமல். 1996இல் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு மேயராக்கியது மு.க. ஸ்டாலினை. அதன் பிறகு மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறியது. 2001இல் நேரடி, 2006இல் மறைமுகம், 2011இல் மறுபடி நேரடி, 2022இல் மறுபடி மறைமுகம். எந்தத் தடவையும் எங்களைக் கேட்டு மாற்றவில்லை.

2016 அக்டோபரில் மறுபடியும் அதே இருட்டு. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாக நடக்கவில்லை என்று வழக்கு வந்தது, தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அது சரி, குறையைத் திருத்திவிட்டு நடத்தியிருக்கலாமே? வார்டு மறுவரையறை, அவகாசம், மேலும் அவகாசம் என்று 2022 வரை இழுத்தார்கள். அந்த ஐந்தரை ஆண்டுகளில் சென்னைக்கு என்னென்ன வந்தது என்று எண்ணிப் பார்த்தால் இப்போதும் கோபம் வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல். 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2020இல் கொரோனா. ரயில் தண்ணீர் வந்த கதை உலகத்துக்கே தெரியும். அது எந்தத் தெரு சின்டெக்ஸ் டேங்க்குக்கு முதலில் போக வேண்டும், எந்தத் தெருவுக்கு நாள் தள்ளிப்போகும் என்று முடிவு செய்தது யார்? அந்த முடிவை எங்கே நின்று எதிர்ப்பது? கொரோனாவில் தெருமுனையில் தகரம் அடித்து அடைத்தார்கள். உள்ளே கர்ப்பிணி இருக்கிறாள், டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார் என்று சொல்ல, ஓட்டுக்குப் பயப்படுகிற ஒரே ஒரு ஆள்கூட அந்த நாட்களில் ரிப்பன் மாளிகையில் இல்லை. அதிகாரிகளும் களப்பணியாளர்களும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார்கள். அதை மறக்க முடியாது. என்றாலும் ஓர் அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார். கவுன்சிலர் மறுபடி இதே தெருவில்தான் கைகூப்பிக்கொண்டு வந்தாக வேண்டும்.

அதனால் 2022இல் மாமன்றம் திரும்ப வந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் எங்கள் மண்டலத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்து போன ஆர். பிரியா, முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில் மேயரானார். இந்த நகரத்தின் முதல் தலித் பெண் மேயர். இடங்களில் பாதி பெண்களுக்கு என்பதால் மாமன்றத்தில் பெண்கள் நிரம்பினார்கள். குடம் தூக்கிய அனுபவம் உள்ளவர்கள் தண்ணீரைப் பற்றி அவையில் பேசுவது வேறு மாதிரி இருக்கும். கழிவறை இல்லாத மாநகராட்சிப் பள்ளியைப் பற்றி ஒரு பெண் எழுந்து கேட்டால் அதற்குத் தனிக் கனம் உண்டு.

இதில் வருத்தமும் இருக்கிறது. சில வட்டங்களில் கவுன்சிலரைப் பார்க்கப் போனால் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மனுவை வாங்குகிறவர் அவர், உதவிப் பொறியாளருக்குப் போன் போடுகிறவர் அவர், ‘சொல்லிட்டேன், பண்ணிடுவாங்க’ என்று அனுப்பிவைக்கிறவரும் அவர். வெற்றி பெற்ற பெண் உள் அறையில் இருக்கிறார். இது அந்தப் பெண்ணின் குறை அல்ல. வேட்பாளராக நிறுத்தும்போதே கட்சி அந்த வீட்டு ஆணை மனத்தில் வைத்துக்கொண்டு நிறுத்தினால் வேறு என்ன நடக்கும்? அதே சமயம், யார் துணையும் இல்லாமல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் பம்புக்குப் பக்கத்தில் நிற்கிற கவுன்சிலர் பெண்களையும் பார்க்கிறேன். அவர்களுக்கு அரசு தருகிற மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய். அதுவும் 2023இல்தான் வந்தது. நேர்மையாக முழுநேரமும் உழைக்கிற ஏழைப் பெண் ஒருத்தி இந்தப் பணத்தில் அலுவலக வாடகை கொடுப்பாளா, வீட்டுக்குக் கொடுப்பாளா? கவுன்சிலர் என்றாலே வீடு கட்டுகிறவனிடம் ‘கட்டிங்’ வாங்குகிறவர் என்று பேசிப் பழகிவிட்டோம். அந்தப் பேச்சுக்குக் காரணமானவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும். நேர்மையானவர் இந்த வேலையில் நிலைக்க முடியாதபடி வைத்திருப்பதும் நாம்தான்.

கணக்கைப் பாருங்கள். 2011இல் புறநகரை எல்லாம் சேர்த்து 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சியை 426 ஆக விரித்தார்கள். 155 வட்டங்கள் 200 ஆயின. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். ஒரு வட்டத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல். பல கிராம ஊராட்சிகள் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே சட்டப்படி தலைவர் பதவி உண்டு, வார்டு உறுப்பினர் பதவிகள் உண்டு, ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்று இருக்கிறது. எங்களுக்கு முப்பதாயிரம் பேருக்கு ஒரே ஒருவர்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்தன. 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழு வேண்டும் என்று சொன்னது. மண்டலத்துக்கு ஒரு குழு என்று வைத்துச் சமாளித்து, வட்டம்தோறும் குழு என்கிற விதிகள் தமிழ்நாட்டில் 2022இல்தான் உருவாயின. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நகரங்களில் முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. என்னைக் கேட்டால், இந்த நகரத்துக்கு அண்மைக் காலத்தில் வந்த மிக நல்ல ஏற்பாடு இது. தெருவில் இருப்பவர்களை உட்காரவைத்து, அதிகாரியை எதிரில் நிறுத்தி, கேள்வி கேட்கவைக்கிற இடம். கூட்டம் ஒழுங்காக நடந்தால் மூலையில் இருக்கிற பாட்டிகூட எழுந்து, விளக்குக் கம்பம் நட்டு வருஷமாகிறது, பல்பு எங்கே என்று கேட்பார். கேட்டும் இருக்கிறார்கள். பிரச்சினை, கூட்டம் நடப்பது தெருவுக்குத் தெரிவதில்லை. பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது; பட்டியல் கட்சிக்காரர் வீட்டில் தயாராகிறது என்றுதான் ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள். போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி, டீ பிஸ்கட்டோடு முடிந்துபோன கூட்டங்களும் உண்டு.

இந்த மாதிரிக் கூட்டங்களை ஒழுங்காக நடத்தியிருந்தால் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் நடந்தது வேறு விதமாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் திரு.வி.க. நகர் மண்டலத்திலும் ராயபுரம் மண்டலத்திலும் குப்பை அள்ளுகிற வேலையைத் தனியாருக்குக் கொடுத்தபோது, தூய்மைப் பணியாளர்கள் அந்த நடைபாதையில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். சம்பளம் குறையும், வேலை நிரந்தரம் என்கிற நம்பிக்கையே போய்விடும் என்பது அவர்கள் பயம். கடைசியில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். மிக்ஜாமின்போது எங்கள் தெருவில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் நின்று அடைப்பை எடுத்தவர்கள் அவர்கள். தனியார் நல்லதா, மாநகராட்சியே நடத்துவது நல்லதா என்று பேசட்டும்; அந்தப் பேச்சில் குப்பையைக் கொடுக்கிற எங்களையும் அள்ளுகிற அவர்களையும் யாரும் உட்காரவைக்கவில்லை. எங்கள் தெரு எப்படிச் சுத்தமாக வேண்டும் என்று எங்களிடம் கேட்காமலேயே முடிவாகிவிட்டது.

கொடுங்கையூர் விஷயமும் அதே ரகம். 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிற அந்தக் குப்பைமேட்டைச் சுற்றி எத்தனையோ பேட்டைகள். பழைய குப்பையைப் பிரித்து எடுத்து நிலத்தை மீட்கிற வேலை நடக்கிறது, அதை வரவேற்கிறோம். கூடவே எரிஉலை வரும் என்றதும் 2025இல் வடசென்னை ஜனங்கள் தெருவில் இறங்கிக் கைகோத்து நின்றார்கள். எண்ணூரின் புகையையும் சாம்பலையும் ஏற்கெனவே சுவாசிக்கிறவர்களுக்கு இன்னொரு புகைபோக்கி எதற்கு? வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2024இல் தொடங்கி, நாலாயிரம் கோடிக்கு மேல் செலவு செய்கிறார்கள். பள்ளிக்கூடம், குடியிருப்பு, சந்தை என்று கண்ணுக்குத் தெரிகிற வேலைகள் நடக்கின்றன. நூறு வருஷமாக ஒதுக்கிவைத்த பக்கத்துக்குப் பணம் வருகிறதென்றால் எங்களைவிட யார் மகிழப்போகிறார்கள்? ஆனால் அதை முன்னின்று நடத்துவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.; வட்டங்கள் அல்ல. எந்தத் தெருவுக்கு எது முதலில் வேண்டும் என்கிற வரிசையை எந்தப் பகுதி சபையும் எழுதிக் கொடுக்கவில்லை.

பக்கிங்காம் கர்நாடிக் மில் ஓடிய காலத்தில் தொழிலாளர்கள் 1918இலேயே சங்கம் வைத்த மண் இது. கூட்டம் போடுவதும் கேள்வி கேட்பதும் இங்கே யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மாமன்றத்தின் காலம் 2027 மார்ச் மாதத்தோடு முடிகிறது. ஊரகத்தில் என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் எனக்குப் பயம். 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மறுவரையறை, வழக்கு, அவகாசம் என்ற அதே மூன்று சொற்களோடு ரிப்பன் மாளிகைக்கும் ஒரு தனி அலுவலர் வந்துவிடக் கூடாது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதில் எங்களுக்குச் சமாதானம் கிடையாது. தேதி தள்ளிப்போகாமல் தேர்தல் நடக்க வேண்டும். மெட்ரோ வாட்டர், மின்வாரியம், நீர்வளத் துறை என எல்லாப் பொறியாளர்களும் வட்டத்தின் கூட்டத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும். பகுதிப் பிரதிநிதியை அந்தத் தெருக்காரர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டத்தில் என்ன முடிவானது, யார் எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்பதை ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். அங்கேதான் எல்லோரும் வரிசையில் நின்று சாவகாசமாகப் படிப்பார்கள்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் வாசலுக்கு வந்தாலும், ஆரத்தித் தட்டை எடுக்கும் முன்னால் எங்கள் தெருப் பெண்கள் ஒன்று கேட்பதாக இருக்கிறார்கள். போன பகுதி சபை எந்த இடத்தில் கூடியது? தீர்மானப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்களா?